உலைக்கும் எண்ணுக்கும் நடுவே

"கன்ட்ரோலர் போயிடுச்சுங்க, புதுசு ஒண்ணு எடுத்துட்டு வந்துருங்க" என்றுதான் பெரும்பாலும் போன் வரும். கோவைப் பக்கம் பவுண்டரி, ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை, கல்லூரி ஆய்வுக்கூடம் என்று உலை எங்கே இருந்தாலும் இதே பேச்சுதான். புதுப் பெட்டியை எடுத்துக்கொண்டுதான் போவேன். ஆனால் அதைப் பிரிப்பதற்கு முன்னால் உலையின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்ப்பேன். பாதிக்கு மேல் கோளாறு அங்கேதான் கிடக்கும்.

முன்பலகையில் சிவப்பாக ஒளிரும் எண்ணை எல்லோரும் உலையின் வெப்பம் என்றே நம்புகிறார்கள். நம்பாமல் வேலை நடக்காது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் நிலக்கரியின் சாம்பல் அளவை ரிப்போர்ட்டில் எழுதுகிறார்கள். டை ஸ்டீலை எடுத்து எண்ணெயில் முக்குகிறார்கள். பெட்டிக்கு வந்து சேர்வதோ சில மில்லிவோல்ட் மின்னழுத்தம். உலைக்குள் வெப்பத்தை உணரும் கே வகைத் தெர்மோகப்பிள் 1000 டிகிரி செல்சியஸில் தருவது 41.276 மில்லிவோல்ட். ஒரு டிகிரிக்குச் சராசரியாக 0.04 மில்லிவோல்ட். டார்ச் செல் ஒன்றின் அழுத்தத்தை முப்பதாயிரம் கூறுக்கு மேல் போட்டால் அதில் ஒரு கூறு அளவு. உலைக்குள் இருக்கும் முனையிலிருந்து பெட்டியின் டெர்மினல் வரை அது கெடாமல் வந்து சேர வேண்டும். அந்த வழி முழுக்க வயரிங் செய்கிறவன் பொறுப்பு. எண் பொய் சொன்னால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். இந்தத் தொழிலில் நான் பெரிதாக மதிப்பது இது ஒன்றைத்தான்.

இங்கே சொல்லப்போவது நிலக்கரி சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் மஃபிள் ஃபர்னஸுக்குப் புதிய கன்ட்ரோலர் வைத்த வேலை. 230 வோல்ட், மூன்றரை கிலோவாட் உலை. சாம்பல் அளவுக்கு 815 டிகிரியில், பத்து டிகிரி கூடக்குறைய நிற்க வேண்டும். ஆவியாகும் பொருள் பார்க்க 900 டிகிரியில் ஏழு நிமிடம். பழைய அமைப்பு முள் காட்டும் மீட்டர். அதற்குத் துணையாக ஒரு சிம்மர்ஸ்டாட். முள் குறியைத் தொட்டதும், எலிமென்டைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்டர் விழும். ஆனால் எலிமென்டிலும் செங்கல்லிலும் தேங்கியிருக்கும் சூடு அதோடு நின்றுவிடாது. ஏறிக்கொண்டே போய், பிறகு இறங்கி, மறுபடி கான்டாக்டர் சேர்வதற்குள் எதிர்ப்பக்கம் அவ்வளவு சரிந்திருக்கும். முப்பது நாற்பது டிகிரி ஊஞ்சலாடுகிற உலையில் பத்து டிகிரிக்குள் நிற்க வேண்டிய சோதனையைச் செய்ய முடியாது. அதனால்தான் பி.ஐ.டி. கன்ட்ரோலர் கேட்டிருந்தார்கள்.

எந்த உலையிலும் முதல் வேலை எம்.சி.பி.யை இறக்கி, கம்பியைக் கழற்றி, எலிமென்டின் ஓமை அளப்பது. மூன்றரை கிலோவாட்டுக்கு 230 வோல்ட்டில் 15 ஓம் சொச்சம் வர வேண்டும். 20 காட்டினால் எலிமென்ட் மெலிந்துவிட்டது என்று பொருள். எந்தக் கன்ட்ரோலர் வைத்தாலும் உலை ஏறத் திணறும். அடுத்து மெகர், அதாவது இன்சுலேஷன் சோதனை. எலிமென்டுக்கும் உடலுக்கும் நடுவே 500 வோல்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் பல நாள் சும்மா கிடந்த உலையில் செங்கல் ஈரம் குடித்திருக்கும், அளவு குறைவாகத்தான் வரும். அப்போது 150 டிகிரி வரை மெல்ல ஏற்றி, கதவை லேசாகத் திறந்து வைத்து, ஈரம் போன பிறகு மறுபடி மெகர் பிடிக்க வேண்டும். எர்த் கம்பி உலையின் உடலோடு உண்மையிலேயே சேர்ந்திருக்கிறதா என்பதைப் பெயின்டைச் சுரண்டிப் பார்க்காமல் நான் நம்புவதில்லை.

இன்னொன்றும் உண்டு. கந்தால் போன்ற இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவைக் கம்பி ஒருமுறை நன்றாகச் சூடேறி இறங்கிவிட்டால் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் வாலைக் குளிர்ந்த நிலையில் வளைத்தால் பட்டென்று ஒடியும். ஒடிந்தால் எலிமென்ட் முழுதையும் மாற்ற வேண்டியதுதான். அதனால் வால் இருக்கும் இடத்துக்குக் கனெக்டரைக் கொண்டுபோக வேண்டும். கனெக்டர் இருக்கும் இடத்துக்கு வாலை இழுக்கக்கூடாது.

இனி தெர்மோகப்பிள். என்னோடு வேலைக்கு வரும் தம்பி ஐ.டி.ஐ. முடித்தவன், கை சுத்தம். அன்றைக்குக் கேபிளை உரித்துவிட்டுக் கேட்டான்: "ஏண்ணா, செகப்பு ப்ளஸ்தானுங்களே?"

"இந்தக் கேபிள்ல செகப்பு மைனஸ், கண்ணு. மஞ்சள்தான் ப்ளஸ்."

அவன் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. வராததில் தப்பில்லை. பேட்டரியில் சிவப்பு ப்ளஸ், டி.சி. சப்ளையில் சிவப்பு ப்ளஸ், மீட்டரின் சிவப்பு வயரும் ப்ளஸ். அமெரிக்க முறையில் வரும் தெர்மோகப்பிள் கேபிளில் மட்டும் சிவப்பு எப்போதும் மைனஸ். கே வகைக்கு மஞ்சள் ப்ளஸ். ஐ.இ.சி. முறையில் அதே கே வகைக்குப் பச்சை ப்ளஸ், வெள்ளை மைனஸ். பழைய ஜெர்மன் கேபிளில் சிவப்பு ப்ளஸ், பச்சை மைனஸ். இறக்குமதியான பழைய எந்திரங்கள் பலவிதமாக ஓடும் ஊரில் நிறத்தை மட்டும் நம்பினால் வேலை கெட்டுப்போகும். அதற்குத்தான் சட்டைப்பையில் சின்னக் காந்தம். கே வகையில் ப்ளஸ் கம்பி குரோமெல், மைனஸ் கம்பி அலுமெல். அலுமெலைக் காந்தம் லேசாக இழுக்கும், குரோமெலைத் தொடாது. உரித்த முனையைக் காந்தத்தின் அருகே தொங்கவிட்டுக் காட்டினேன். அதன் பிறகு அவன் நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை. காந்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அந்த உலையில் பழைய ஆள் யாரோ செய்துவைத்திருந்த வயரிங்கைப் பிரித்தபோது, தெர்மோகப்பிள் தலையிலிருந்து பேனலுக்குச் சாதாரணத் தாமிர வயர் போயிருந்தது. இது நான் அடிக்கடி பார்ப்பது. தாமிர வயரும் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணும் தெரியும், அதனால் எல்லாம் சரி என்றே தோன்றும். ஆனால் தெர்மோகப்பிள் அளப்பது இரு முனைகளுக்கு இடையே உள்ள வெப்ப வேறுபாட்டை. கன்ட்ரோலர் தன் டெர்மினல் இருக்கும் இடத்தின் வெப்பத்தைத் தனியாக அளந்து அதைக் கூட்டிக்கொள்கிறது. உலையின் பின்புறத் தலை 70 டிகிரியில் இருக்கிறது, பேனல் 35 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். நடுவே தாமிரம் ஓடினால் அந்த 35 டிகிரி வேறுபாடு எங்கேயும் கணக்கில் சேராது. பெட்டி 815 என்று காட்டும்போது உள்ளே 850 இருக்கும். அதுவும் நிலையான பிழை இல்லை. காலையில் உலை குளிர்ந்திருக்கும்போது பிழை இராது. மத்தியானம் தலை சூடாகும்போது வளரும். ரிப்போர்ட்டுகள் காலையில் ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி வருவதாக அங்கே வேலை செய்யும் மேடம் சொன்னது இதைத்தான். அவர் கரியைச் சந்தேகப்பட்டார், தராசைச் சந்தேகப்பட்டார். வயரைச் சந்தேகிக்க அவருக்குக் காரணமே இல்லை.

தாமிரத்துக்குப் பதிலாகத் தெர்மோகப்பிளுக்கு ஏற்ற காம்பன்சேட்டிங் கேபிள் போட்டாலும் ஒரு கண்ணி இருக்கிறது. அதை ஒரு முனையில் மட்டும் மாற்றிப் போட்டால் உடனே தெரிந்துவிடும்; சூடேற ஏறப் பெட்டியில் தெரியும் எண் தப்பாக ஓடும், யாராவது கவனித்து நிறுத்துவார்கள். அந்தத் தப்பைத் திருத்த வந்தவர் தலையைத் திறந்து பார்க்காமல் பேனல் பக்கம் மட்டும் கம்பிகளை இடம் மாற்றினால், கேபிள் இரண்டு முனையிலும் தலைகீழாகிவிடும். அப்போது எண் ஒழுங்காக ஏறும், ஒழுங்காக நிற்கும். பிழையோ இரண்டு மடங்கு. மேலே சொன்ன கணக்கில் 70 டிகிரி. 815 என்று காட்டும் உலை 885 டிகிரியில் எரிந்துகொண்டிருக்கும். பெட்டியின் எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பிழை இது. அதனால் இரண்டு முனையையும் ஒரே ஆள், ஒரே காந்தத்தோடு, தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

உலையின் பின்சுவரை ஒட்டிப் பி.வி.சி. உறை போட்ட கேபிள் தாங்காது. ஃபைபர் கிளாஸ் உறை போட்டதைத்தான் போட வேண்டும். எலிமென்ட் வாலுக்குப் பீங்கான் மணி. 900 டிகிரிக்கு மேல் இன்னொரு தொல்லை. அந்தச் சூட்டில் தீச்செங்கல்லும் பீங்கான் குழாயும் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிடும். எலிமென்ட் ஓடும்போது மட்டும் எண் குதிக்கிறது, நிறுத்தினால் அமைதியாகிறது என்றால் காரணம் அதுதான். தெர்மோகப்பிளை எலிமென்டிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, நல்ல அலுமினாக் குழாய் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். குழாயின் முனை மாதிரியை வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். கூரையை ஒட்டி நின்றால் அது கூரையின் வெப்பத்தைத்தான் சொல்லும்.

பேனல் வேலை இதோடு ஒப்பிட்டால் எளிது. 96 மில்லிமீட்டர் முகப்புள்ள கன்ட்ரோலருக்கு 92-க்கு 92 கட்-அவுட். பெட்டியை உலைக்கு மேலே வைக்காமல் பக்கவாட்டில், சூடான காற்று ஏறிவராத இடத்தில் வைத்தோம். மின் வயர்களுக்கு ஒரு சேனல், தெர்மோகப்பிள் கேபிளுக்கு வேறு சேனல். இரண்டும் குறுக்கிட வேண்டிய இடத்தில் நேர்க்கோணத்தில் கடந்தன. கேபிளின் ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்தோம். இரண்டு பக்கமும் எர்த் செய்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே உள்ள சின்ன வோல்ட்டேஜ் வேறுபாடு ஷீல்டிலேயே மின்சாரத்தை ஓட்டும். எலிமென்டுக்கு 15 ஆம்பியர் போகிறது. நான்கு ஸ்கொயர் வயர். ஒவ்வொரு முனைக்கும் லக், முறையான கிரிம்பிங், இரண்டு பக்கமும் ஒரே எண் போட்ட ஃபெரூல். ஃபெரூல் போடாமல் விட்ட பேனலை அடுத்த ஆள் திறக்கும்போது என்ன பாடுபடுவான் என்பது, அப்படிப்பட்ட பேனல்களைத் திறந்து பழகிய எனக்கு நன்றாகத் தெரியும்.

கான்டாக்டருக்குப் பதிலாக எலிமென்டை எஸ்.எஸ்.ஆர். (சாலிட் ஸ்டேட் ரிலே) சேர்த்துப் பிரிக்கும். இதில் அசையும் பாகம் இல்லை, சத்தம் இல்லை, நொடிக்கு ஒருமுறை சேர்த்துப் பிரித்தாலும் தேயாது. ஆனால் ஓடும்போது ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் கூடவே தனக்குள் இழக்கும். 15 ஆம்பியருக்கு 18 வாட் வெப்பம். அதனால் 40 ஆம்பியர் எஸ்.எஸ்.ஆர். எடுத்து, அலுமினிய ஹீட் சிங்கில் பேஸ்ட் தடவி, துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி பொருத்தினோம். அதற்கு முன்னால் வேகமாக உருகும் செமிகண்டக்டர் ஃபியூஸ்.

எஸ்.எஸ்.ஆரின் குணம் ஒன்றை எல்லா இடத்திலும் சொல்லிவிட்டுத்தான் வருவேன். அது கெட்டுப்போகும்போது பெரும்பாலும் சேர்ந்த நிலையிலேயே கெட்டுப்போகும். கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் எலிமென்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ஒரு பட்டறையில் இரவில் இப்படி ஆகி, காலையில் கதவைத் திறந்தபோது எலிமென்ட் உருகித் தரையில் கண்ணாடிபோல வழிந்து உறைந்திருந்தது. உள்ளே வைத்திருந்த டை வீணாகிவிட்டது. அங்கே கன்ட்ரோலர் கடைசி வரை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அதன் சொல்லைக் கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

அதனால் எஸ்.எஸ்.ஆருக்கு முன்னால் இரண்டு முனைக் கான்டாக்டர் ஒன்று. அதைப் பிடித்திருப்பது தனித் தெர்மோகப்பிளும் தனி ரிலேயும் கொண்ட இரண்டாவது சின்னக் கன்ட்ரோலர். உலை ஓட வேண்டிய உச்ச வெப்பத்துக்கு 50 டிகிரி மேலே போனால் அது கான்டாக்டரை விடும். ஆள் வந்து பொத்தானை அழுத்தும் வரை மறுபடி சேராது. கதவின் லிமிட் ஸ்விட்சும் அதே கான்டாக்டரின் காயிலோடு தொடராக. எஸ்.எஸ்.ஆர். அணைந்திருக்கும்போதும் சில மில்லியாம்பியர் கசியும். டெஸ்டர் வைத்தால் எரியும். கதவைத் திறந்து இடுக்கியை உள்ளே விடுகிறவரின் உயிர் அந்தக் கசிவை நம்பி இருக்கக்கூடாது. கான்டாக்டர் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் பிரித்துவிடுகிறது.

"ரெண்டாவது கன்ட்ரோலர் அவசியமுங்களா?" என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் வரும். விலையைக் குறைக்க வேண்டுமென்றால் முதல் கன்ட்ரோலரில் மலிவானதைப் போடுகிறேன், இதை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாத இடங்களில் நான் வேலையை எடுத்ததில்லை.

பிறகு அமைப்புகள். சென்சார் வகை கே. கம்பி அறுந்தால் எண் மேலே ஏறி எலிமென்ட் அணையும்படி. சைக்கிள் டைம் எஸ்.எஸ்.ஆருக்கு இரண்டு நொடி. கான்டாக்டராக இருந்தால் இருபது நொடியாவது வேண்டும். இல்லையென்றால் சில மாதங்களில் அதன் முனைகள் கருகிவிடும்.

பி.ஐ.டி. என்பது கணினிக் காலத்துச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். 1922-ல் நிகோலாஸ் மினோர்ஸ்கி கப்பலைத் தானாகத் திருப்பும் முறையை ஆராய்ந்தபோது, சுக்கான் பிடிப்பவர் எப்படிச் செய்கிறார் என்பதைக் கவனித்துத்தான் இந்தக் கணக்கை எழுதினார். தேர்ந்த சுக்கானி இப்போதைய விலகலை மட்டும் பார்ப்பதில்லை; இதுவரை சேர்ந்த விலகலையும், அது எந்த வேகத்தில் மாறுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார். அந்த மூன்றும்தான் இந்த மூன்று எழுத்து. எவ்வளவு வைப்பது என்பதற்கு 1942-ல் சீக்லரும் நிக்கல்ஸும் ஒரு வழி கொடுத்தார்கள். இன்று ஆட்டோ ட்யூன் பொத்தானை அழுத்தினால் பெட்டி எலிமென்டை முழுதாகச் சேர்த்தும் பிரித்தும் உலையை இரண்டு மூன்று தடவை அலைய விட்டு, அந்த அலைவிலிருந்து தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. அதற்கு அடிப்படை ஆஸ்ட்ரோமும் ஹாக்லுண்டும் 1984-ல் எழுதிய ரிலே முறை.

பொத்தான் எளிது, அழுத்தும் நேரம்தான் முக்கியம். வெறும் உலையில் 200 டிகிரியில் ட்யூன் செய்துவிட்டுப் போனால் 815-ல் அது வேறு உலை. அங்கே வெப்பம் வெளியேறும் வேகமே வேறு. வழக்கமாக வைக்கும் அத்தனை சிலிக்கா கிண்ணங்களையும் உள்ளே வைத்து, கதவை மூடி, 815-லேயே ட்யூன் செய்தோம். முதல் ஏற்றத்தில் ஆறேழு டிகிரி தாண்டிப் போய்த் திரும்பியது. அதற்குப் பிறகு ஒரு டிகிரிக்குள் நின்றது.

நின்றது எண். உலை நின்றதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற கூடத்தில் அளவுத்திருத்தம் செய்த மாஸ்டர் தெர்மோகப்பிளைக் கிண்ணங்களின் நடுவே நுழைத்து, அரை மணி நேரம் விட்டேன். பெட்டியில் 815, மாஸ்டரில் சான்றிதழ்த் திருத்தம் போக 812.

மேடம் உடனே சொன்னார்: "அந்த மூணு டிகிரியை பயஸ்ல கழிச்சிட்டா சரியாப் போயிடுமில்லீங்களா?"

கழிக்கலாம். எல்லாக் கன்ட்ரோலரிலும் அதற்கென்று ஒரு அமைப்பு இருக்கிறது. எனக்கு அதன் மேல் தீராத பயம் உண்டு. தாமிர வயர் போட்டதால் வந்த பிழையையும், கேபிள் தலைகீழானதால் வந்த பிழையையும், தேய்ந்த தெர்மோகப்பிளையும் அந்த ஒரு எண்ணுக்குள் புதைத்துவிட்டுப் போன வேலைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த நேரத்தில் எண் சரியாக இருக்கும். தலையின் சூடு மாறினால் திரும்பப் பிழை வரும், பயஸோ அப்படியே நிற்கும். இரண்டாம் தரக் கே வகைக்கு அனுமதிக்கப்பட்ட விலகலே முக்கால் சதவீதம்; 815-க்கு ஆறு டிகிரி. மூன்று அதற்குள் அடங்கும், சோதனைக்குத் தேவையான பத்துக்குள்ளும் அடங்கும். "இது வயர்ல வந்த பிழை இல்லீங்க, கம்பியோட இயல்பு. பயஸ் பூஜ்யமாவே இருக்கட்டும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி மாஸ்டர் வைப்போம். அப்ப இந்த மூணு எட்டாச்சுன்னா தெர்மோகப்பிளை மாத்தணும்னு தெரியும். இப்ப அழிச்சிட்டா அப்ப எதோட ஒப்பிடறது?" என்றேன். அவர் அந்தக் கணக்கைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பேனல் கதவின் உட்பக்கம் பிளாஸ்டிக் உறையில் வயரிங் படம் ஒன்று, ஃபெரூல் எண்களோடு. பக்கத்தில் ஒரு அட்டை: பி, ஐ, டி அளவுகள், சைக்கிள் டைம், லிமிட் வெப்பம், பயஸ், மாஸ்டர் ஒப்பீடு, தேதி. ஃபியூஸ் இரண்டு உதிரியாக அதே பெட்டிக்குள்.

சூடாகிக் குளிரும்போது உலோகம் நீண்டு சுருங்கும், திருகுகள் இடம் கொடுக்கும். அதனால் ஒரு வாரம் ஓடிய பிறகு தம்பியை அனுப்பி, எம்.சி.பி.யை இறக்கிவிட்டு எல்லா டெர்மினலையும் இறுக்கச் சொன்னேன். பேனலுக்குள் எதுவும் தளரவில்லை. எலிமென்ட் கனெக்டர்கள் இரண்டும் அரைச் சுற்று உள்ளே போயின. இறுக்கிவிட்டு அட்டையில் தேதி போட்டுவிட்டு வந்தான்.